தோட்டத்தின் பேரேடு

(ஆடிப்பட்டத்துக்கு முன்பு, மதுரையில் வீட்டுத் தோட்டம் போடுவோர் கூடிய ஒரு மாலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வீட்டுத் தோட்டம் பற்றிப் பேசச் சொன்னீர்கள். எந்தச் செடி, எந்தத் தொட்டி, எந்த உரம் என்று தொடங்குவதுதான் வழக்கம். நான் ஒரு கணக்காய்வாளரிடமிருந்து தொடங்குகிறேன். ஜே. சி. குமரப்பா 1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்காய்வு படித்து, பம்பாயில் அந்தத் தொழிலை நடத்தி, பிறகு நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்றவர். 1934இல் காந்தி தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை வார்தாவில் இருந்து நடத்தியவர். கடைசிக் காலத்தை நமக்குப் பக்கத்திலேயே, டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் கழித்தார். ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தில் கைதாகி ஜபல்பூர் சிறையில் இருந்தபோது ஒரு சிறு நூல் எழுதினார். நிலைத்து நிற்கக்கூடிய பொருளாதாரம் எது என்பதுதான் அதன் கேள்வி. அதற்கு 1945இல் காந்தி முன்னுரை எழுதினார்.

அவர் இயற்கையின் செல்வத்தை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். ஒன்று, தேங்கிக் கிடக்கும் இருப்பு. நிலக்கரி, பெட்ரோலியம், தாதுக்கள் இந்த வகை. எடுக்க எடுக்கக் குறையும். மற்றொன்று, ஓடிவந்துகொண்டே இருக்கும் வரத்து. மழை, வெயில், மரம், பயிர், கால்நடை எல்லாம் இதில் சேரும். பேணினால் தலைமுறை தலைமுறையாகக் கிடைக்கும். இருப்பைத் தின்று வாழ்கிற சமூகம் கடைசியில் சண்டையில் போய் நிற்கும், வரத்தை நம்பி வாழ்கிற சமூகத்துக்கே அமைதி என்றார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், சிறைக்குள் இருந்து எழுதியது இது.

உங்கள் மாடியில் இருக்கும் தோட்டத்தை இந்தக் கண்ணால் ஒருமுறை பாருங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. ஒரு நோட்டை எடுங்கள். இடது பக்கத்தில், ஓர் ஆண்டில் வாசல் வழியாக உள்ளே வந்தவற்றை எழுதுங்கள்: வளர்ப்புப் பை, தென்னை நார்க்கழிவுக் கட்டி, மண்புழு உரம், பாக்கெட் விதை, நாற்று, பூச்சிவிரட்டி, நிழல்வலை. வலது பக்கத்தில், அதே வாசல் வழியாக வெளியே போனவற்றை எழுதுங்கள்: காய்கறித் தோல், பழைய சோறு, காய்ந்த இலை, அரிசி கழுவிய தண்ணீர், மாடியில் விழுந்து சாக்கடைக்குப் போன மழை, விதைக்கு விடாமல் பறித்துவிட்ட கடைசிக் காய். நன்றாக விளைகிற தோட்டமாகவே இருக்கலாம். ஆனால் இரண்டு பக்கமும் நீண்டுகொண்டே போனால் அது கடைக்காரர் இருக்கும்வரைதான் ஓடும். இரண்டு பக்கமும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தால்தான் அது நிலைக்கும்.

வாங்குவதே தவறு என்று நான் சொல்லவில்லை. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுத்த மாடித் தோட்டத் தொகுப்பை வாங்கித் தொடங்கியவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். தொடங்க அது நல்ல வழி. இரண்டாம் ஆண்டும் மூன்றாம் ஆண்டும் அதையே திரும்ப வாங்க வேண்டியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து இருக்கிறது. ஒரு சிட்டிகை போட்டால் கீரை சில நாளில் கரும்பச்சையாக நிமிரும். அந்தத் தழைச்சத்து காற்றில் இருப்பதுதான். ஆனால் அதைப் பிடித்து உரமாக மாற்றுவதற்குப் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவைச் செலவிடுகிறார்கள். குமரப்பா சொன்ன தேங்கிய இருப்பு அது. அதே தழைச்சத்தை உங்கள் அவரைக்கொடியின் வேர்முடிச்சில் இருக்கும் ரைசோபியம் நுண்ணுயிர் வெயிலின் விலையில் பிடித்துக் கொடுக்கிறது. சாம்பல் சத்து உரம் இந்தியாவில் ஏறக்குறைய முழுவதும் இறக்குமதி. நாமோ வாழைப்பழத் தோலைக் குப்பை வண்டியில் போடுகிறோம்.

ஆகவே முதலில் மண்.

சென்னையில் பெருங்குடி என்றால் நமக்கு நினைவுக்கு வருவது குப்பை மேடு. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிப் பல பத்தாண்டுகளாகக் கொட்டி உயர்ந்த மேடு அது. 2022 ஏப்ரலில் தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. நம் நகரங்களின் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் மக்கக்கூடியது. அது மண்ணுக்குத் திரும்ப வேண்டிய உணவு. பிளாஸ்டிக்கோடு கலந்து கிடப்பதால்தான் காற்றில்லாமல் அழுகி, எரியும் வாயுவாகிறது.

மக்கவைப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கரிச்சத்தும் தழைச்சத்தும் ஏறக்குறைய முப்பதுக்கு ஒன்று என்ற அளவில் சேர்ந்தால் நுண்ணுயிர்கள் வேலையைப் பார்த்துக்கொள்ளும். சமையலறைக் கழிவில் தழைச்சத்து மிகுதி, காய்ந்த இலையில் கரிச்சத்து மிகுதி. கழிவு ஒரு பங்கு என்றால் சருகு இரண்டு பங்கு, கண் அளவே போதும். ஓட்டை போட்ட பழைய டிரம் இரண்டு வையுங்கள். ஒன்று நிறைகிறபோது மற்றொன்று மக்கும். கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. வாரம் ஒருமுறை கிளறிவிடுங்கள். நாற்றம் வந்தால் சருகு போதவில்லை என்று பொருள். இன்னும் இரண்டு கை போட்டுக் கிளறினால் அடங்கும். வெளிறிய நிறத்தில் தடித்த புழுக்கள் நெளிவதைப் பார்த்துவிட்டுப் பலர் டிரம்மையே கொட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அவை கருஞ்சிப்பாய் ஈயின் புழுக்கள். செடியைத் தொடாது, வீட்டுக்குள் வராது, கழிவை வேகமாகத் தின்று தீர்த்துவிட்டுப் பறந்துவிடும். விட்டுவிடுங்கள். நம் ஊர் வெக்கையில் இரண்டு, இரண்டரை மாதத்தில் மண்வாசனையோடு எரு கிடைக்கும்.

சருகுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். விடிகாலையில் தெருவில் நடந்து பாருங்கள். வேப்பிலையும் புங்க இலையும் கூட்டிக் குவித்துத் தீ வைத்திருப்பார்கள். புங்க இலை நம் விவசாயிகள் வயலுக்குத் தேடிப் போட்ட தழையுரம். அதை நாம் புகையாக்குகிறோம். தெருவைக் கூட்டுபவரிடம் ஒரு சாக்கைக் கொடுத்துச் சொன்னால் மகிழ்ச்சியோடு கட்டி வைத்துவிடுவார். கரும்புச்சாறு கடையில் சக்கை, பூக்கடையில் வாடிய பூ, கல்யாண மண்டபத்தில் வாழையிலை. மதுரையில் இவற்றுக்குப் பஞ்சமே இல்லை. இப்படிக் கழிவை மக்கவைப்பதைத்தான் இந்தூரில் 1920களில் ஆல்பர்ட் ஹோவார்ட் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் முறைப்படுத்தினார். பயிர்க்கழிவு, சாணம், மண் என்று அடுக்கி மக்கவைத்த அவருடைய முறை இந்தூர் முறை என்று உலகம் முழுதும் பரவியது. உழவர்களின் வழக்கத்தைக் கூர்ந்து பார்த்துக் கற்றுத்தான் அதை அமைத்தார்.

மண்புழு உரத்தைக் காசு கொடுத்து வாங்குகிறோம். சென்னையில் பேராசிரியர் சுல்தான் அகமது இஸ்மாயில் பல ஆண்டுகள் ஆராய்ந்து சொன்னது, நம் மண்ணிலேயே இருக்கும் நாட்டுப் புழுக்களே இந்த வேலைக்குப் போதும் என்பதுதான். ஈரமும் நிழலும் தின்ன இலையும் இருந்தால் அவை தாமாக வரும். மாடித் தொட்டிக்கு மட்டும் ஒருமுறை கொல்லை மண்ணோடு கொண்டுவந்து விட வேண்டும்.

இன்னொன்று. ஒரு பருவம் முடிந்ததும் தொட்டி மண்ணைச் செத்த மண் என்று கொட்டிவிட்டுப் புதிதாக நார்க்கழிவு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மண் சாவதில்லை, பசித்திருக்கிறது. கொட்டிக் கிளறி, மூன்றில் ஒரு பங்கு எரு கலந்து, அடுத்த பருவத்தில் அதில் தட்டைப்பயறோ கொத்தவரையோ போடுங்கள். இடைவெளி இருந்தால், தானியம், பயறு, எள், கடுகு என்று அடுப்படியில் இருப்பதை எல்லாம் கலந்து ஒரு கை தூவி, பூக்கும் முன் மடக்கி மண்ணுக்குள் விடுங்கள். பலதானிய விதைப்பு என்று இயற்கை வேளாண்மையாளர் நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். இளங்காட்டில் 1938இல் பிறந்து, கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணை வேலையை உதறி, கரூர் மாவட்டத்தில் வானகம் என்ற பண்ணையை உருவாக்கி, 2013இன் கடைசியில் மறைந்த அவர், மூடாக்கைப் பற்றிப் பேசாத கூட்டம் இராது. வெறும் மண்ணை வெயில் பார்க்கக் கூடாது. சித்திரையில் நம் மாடித் தொட்டிகளின் மேல்மண் கை வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும். அந்தச் சூட்டில் வேரும் நுண்ணுயிரும் வெந்துபோகும். நாலு விரற்கடை கனத்துக்குச் சருகு போர்த்தினால் தண்ணீரும் குறைவாகவே போதும்.

தண்ணீருக்கு வருகிறேன். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடி ஏறக்குறைய 93 சதுர மீட்டர். மதுரைக்கு ஆண்டில் சுமார் 850 மில்லிமீட்டர் மழை என்று வைத்தால், உங்கள் தலைக்கு மேல் ஆண்டுதோறும் 79,000 லிட்டர் விழுகிறது. சிந்தியது, ஆவியானது போக அறுபதாயிரம் தேறும். நாற்பது தொட்டிக்குக் கோடையில் நாளொன்றுக்கு அறுபது லிட்டர் என்றால், அது ஆயிரம் நாள் தண்ணீர். அத்தனையையும் தேக்க யாரிடமும் தொட்டி இல்லை. ஆனால் 5,000 லிட்டர் தேக்கினாலே எண்பது நாள் ஓடும். மீதி நிலத்தில் இறங்கி உங்கள் கிணற்றுக்கோ பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கோ வரும். தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அன்று போட்ட குழாய்கள் பல வீடுகளில் அடைத்துக் கிடக்கின்றன. ஐப்பசி அடைமழைக்கு முன் அவற்றைத் திறந்து, வடிகட்டும் மணலைக் கழுவிப் போடுங்கள். தோட்டத்துக்குச் செய்கிற முதல் வேலையாக இதைச் செய்யுங்கள்.

மழைநீருக்கு இன்னொரு சிறப்பு, அதில் உப்பு இல்லை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை மட்டும் ஊற்றும் தொட்டிகளின் விளிம்பில் வெள்ளையாகப் படியும், பார்த்திருப்பீர்கள். அது உப்பு. நாளாக ஆக இலை நுனி கருகும். குடிநீர் சுத்திகரிப்பான் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றுகிறவர்கள், அதில் உப்பு செறிந்திருக்கும் என்பதை மறக்க வேண்டாம். தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். அரிசி, பருப்பு, காய் கழுவிய தண்ணீர் தாராளமாகச் செடிக்குப் போகலாம். தரை இருக்கிற வீட்டில் குளியல் தண்ணீர் வாழைக்கும் கல்வாழைக்கும் போகட்டும்; நம் பழைய வீடுகளில் வாழை நின்ற இடமே அதுதான். வெளியூர் போகிறீர்களா? பூச்சில்லாத சிறு மண்கலயம் ஒன்றைத் தொட்டியில் கழுத்துவரை புதைத்து நீர் நிரப்பி மூடிவிட்டுப் போங்கள். மண் காயக் காய, கலயம் கசிந்துகொடுக்கும்.

விதையைப் பற்றிக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன். மண்ணையும் தண்ணீரையும் சரிசெய்துவிட்டவர்கள்கூட இந்த இடத்தில் கடையை விட்டு வெளியே வருவதில்லை.

கடையில் வாங்கும் பாக்கெட்டில் ‘எஃப்1’ என்று போட்டிருந்தால் அது வீரிய ஒட்டு விதை. முதல் விளைச்சல் அருமையாக இருக்கும். அதன் விதையை எடுத்துப் போட்டால் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு விதமாக வரும். ஆகவே ஒவ்வொரு பருவமும் வாங்கியே ஆக வேண்டும். நாட்டு விதை அப்படியில்லை. இலவம்பாடி முள்ளுக் கத்தரி, இராமநாதபுரம் முண்டு மிளகாய் இரண்டும் இன்று புவிசார் குறியீடு பெற்றவை. அவற்றை இதுவரை கொண்டுவந்து சேர்த்தவர்கள் விதைக்காயைப் பார்த்துப் பார்த்து விட்ட உழவர் குடும்பங்கள். இந்தியாவின் 2001ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், தன் விளைச்சலில் எடுத்த விதையைச் சேமிக்க, மறுபடி விதைக்க, பகிர, மாற்றிக்கொள்ள, நிறுவன முத்திரை இல்லாமல் விற்கவும்கூட உழவருக்கு உரிமை தருகிறது. உலகில் பல நாடுகளில் இவ்வளவு தெளிவான உரிமை கிடையாது. நாம் அதைக் கையில் வைத்துக்கொண்டு பயன்படுத்தாமல் இருக்கிறோம்.

எப்படி எடுப்பது? முதலில், எதை விடுவது. நல்ல காயை எல்லாம் சமைத்துவிட்டு, செடி ஓய்ந்த பிறகு கடைசியில் சூம்பிப் போய்த் தொங்குவதை விதைக்கு விடுகிறோம். அப்படி விட்டால் ஆண்டுக்கு ஆண்டு தளர்ச்சியைத்தான் பொறுக்கி எடுப்போம். நோய் வராமல், வாட்டத்தைத் தாங்கி, நன்றாகக் காய்த்த செடியில், நடுப்பருவத்துக் காயைப் பார்த்து, அன்றே ஒரு துணிக்கிழிசலைக் கட்டுங்கள். வீட்டில் எல்லோருக்கும் அது விதைக்காய் என்று தெரியும். கத்தரி மஞ்சளாகப் பழுக்க வேண்டும். வெண்டை செடியிலேயே காய்ந்து சலசலக்க வேண்டும். பாகல் செம்மஞ்சளாகப் பழுத்து வெடிக்க வேண்டும். தக்காளியில் ஒவ்வொரு விதையையும் சுற்றி ஒரு வழுவழுப்பான உறை இருக்கிறது. அது முளைப்பைத் தடுக்கும். சாற்றோடு பிழிந்து ஒரு கிண்ணத்தில் இரண்டு நாள் விட்டால் நொதித்து உறை கழன்றுவிடும். கழுவினால் நல்ல விதை அடியில் தங்கும், பொக்கு மிதக்கும். நிழலில் காயவைத்து, சாம்பல் புரட்டி, காற்றுப் புகாத குப்பியில், பெயரும் மாதமும் எழுதிய சீட்டோடு வையுங்கள். கத்தரி, தக்காளி விதை மூன்று நான்கு ஆண்டுகூட முளைக்கும். வெங்காய விதையை ஓர் ஆண்டுக்கு மேல் நம்ப முடியாது.

அடுத்தது கலப்பு. தக்காளி, அவரை, தட்டைப்பயறு பெரும்பாலும் தன் பூவிலேயே கருவுறும்; அருகருகே இரண்டு ரகம் வைத்தாலும் அதிகம் கலக்காது. கத்தரியும் மிளகாயும் வெண்டையும் ஓரளவு கலக்கும். சுரை, பூசணி, பீர்க்கன், புடலை, பாகல் எல்லாம் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. தேனீயோ அந்துப்பூச்சியோ கொண்டுவந்து சேர்த்தால்தான் காய். விதை சுத்தமாக வேண்டுமானால் நீங்களே சேர்க்க வேண்டும். பெண்பூவை எளிதில் அறியலாம், அடியில் குட்டிக்காய் இருக்கும். மறுநாள் விரியப்போகிற பெண்மொட்டையும் அதே ரகத்து ஆண்மொட்டையும் துணிப்பையால் கட்டிவைத்து, விரிந்ததும் ஆண்பூவைப் பறித்து இதழை விலக்கி மகரந்தத்தைத் தடவி, மறுபடி கட்டிவிடுங்கள். பூசணியும் பாகலும் காலையில் விரியும். சுரையும் பீர்க்கனும் பொழுது சாயும் நேரம் விரியும். அலுவலகம் போகிறவர்களுக்குச் சுரை ஏற்ற பயிர் என்பேன். மாடியில் பூ வைத்தும் காய் பிடிக்கவில்லை என்று வருந்துகிறவர்களுக்கும் இதுவே மருந்து. உயரமான மாடிகளுக்குத் தேனீ வருவது குறைவு.

ஒரு வீட்டில் எல்லா விதையையும் காக்க முடியாது, காக்கவும் வேண்டாம். நாலே செடியிலிருந்து விதை எடுத்துக்கொண்டே போனால் அதன் வளம் சுருங்கும். குமரப்பா உயிர்கள் வாழும் முறையை ஐந்தாகப் பிரித்துக் காட்டினார். அதில் ஒன்று, தனக்கென்று மட்டும் சேர்க்காமல் கூட்டுக்கே சேர்க்கும் தேனீயின் முறை. நம் தெருக்களில் இதைச் செய்ய முடியும். ஒரு வீடு ஒரே வெண்டை ரகத்தைப் பொறுப்பெடுத்துப் பத்துப் பதினைந்து செடி வைக்கட்டும். அடுத்த வீடு கத்தரி. கொடி ஏற இடமுள்ள வீடு சுரை. தையில் எல்லோரும் குப்பிகளோடு ஒரு வீட்டு முற்றத்தில் கூடி மாற்றிக்கொள்ளுங்கள். கலப்புப் பிரச்சினையும் பாதி தீரும்.

பேச்சு பூச்சிக்கு வரட்டும் என்று காத்திருக்கும் முகங்கள் தெரிகின்றன. ஒரு வரலாறு சொல்கிறேன். பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் அதன் பிறப்பிடம். பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று எதையும் விடவில்லை. உடம்பெல்லாம் மெழுகு மாவு என்பதால் அடித்த மருந்து உள்ளே இறங்கவில்லை. மருந்து கொன்றதெல்லாம் அதைத் தின்னக்கூடிய மற்றப் பூச்சிகளைத்தான். கடைசியில் 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கண்ணுக்குச் சரியாகத் தெரியாத மூன்று வகைக் குளவிகளைப் பெங்களூருக்கு வரவழைத்தார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றில் ஒன்றைப் பெருக்கி ஊர் ஊராக விட்டது. மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு உள்ளிருந்தே தின்று தீர்க்கும் அந்தக் குளவி, மருந்தால் ஆகாததைச் சில மாதங்களில் செய்து முடித்தது. 2016இல் பொள்ளாச்சியில் தொடங்கித் தென்னையிலும் வாழையிலும் கொய்யாவிலும் சுருள் சுருளாகப் படிந்த வெள்ளை ஈக்கும் ஒரு சிறு குளவியே எதிரி. ஆகவே இலையில் வெள்ளையைக் கண்டதும் மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். எறும்புச் சாரியைத் தடுங்கள். இனிப்புக் கழிவுக்காக அசுவினியையும் மாவுப்பூச்சியையும் காவல் காப்பது எறும்புதான். அதற்கும் அடங்காவிட்டால் லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்ப எண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், பொழுது சாய்ந்த பிறகு.

தெளிக்கும் முன் உற்றுப் பாருங்கள். மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டு ஒன்றின் புழு, மாவுப்பூச்சியைப் போலவே வெள்ளை மாவு பூசிக்கொண்டிருக்கும். அதைவிடப் பெரியது, விறுவிறுவென்று நகரும். பூச்சி என்று நினைத்து நசுக்கப்படுகிற நண்பன் அது.

எவ்வளவு விளையும்? நேர்மையாகக் கணக்குப் போட வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காய்கனி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நால்வர் குடும்பத்துக்கு ஆண்டில் 580 கிலோவுக்கு மேல். நாற்பது தொட்டியில் அது விளையாது; விளையும் என்று ஆசை காட்டுவதால்தான் பலர் முதல் கோடையிலேயே மனம் விட்டுவிடுகிறார்கள். வெங்காயம், உருளை, முட்டைக்கோஸ் எல்லாம் உழவரிடம் வாங்குவோம். உழவர் சந்தை அதற்குத்தான் இருக்கிறது. பறித்த மணி நேரத்தில் வாடுவது, அன்றாடம் கொஞ்சம் வேண்டியது, கடையில் மருந்து படிந்து வருவது, இவற்றை மட்டும் வீட்டில் வையுங்கள். கீரை முதலிடம். முளைக்கீரை மூன்று, நான்கு வாரத்தில் பறிப்புக்கு வரும். அரைக்கீரை கிள்ளக் கிள்ளத் தழையும். பொன்னாங்கண்ணித் தண்டைக் குத்திவைத்தாலே போதும். மணத்தக்காளி பறவை போட்ட விதையிலேயே வரும். அடுத்தது கறிவேப்பிலை, பச்சை மிளகாய், புதினா, எலுமிச்சை. ஒரு முழம் தரை இருந்தால் முருங்கை. யாழ்ப்பாணத்து வளவுகளில் பூவரசும் கிளுவையும் வேலியாகவே நிற்கும். வெட்டிய தழை தோட்டத்து மண்ணுக்குப் போகும். வேலிக்கு ஒரு செலவு, உரத்துக்கு ஒரு செலவு என்று இரண்டாகச் செய்யாத அறிவு அது.

மாடியில் வைப்போருக்கு ஓர் எச்சரிக்கை. ஆள் நடமாடும் தட்டைக் கூரைக்கு நம் கட்டட விதி வைத்திருக்கும் கூடுதல் பாரம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ. நனைந்த மண் ஒரு அடி உயரத்துக்குப் பரப்பினால் சதுர மீட்டருக்கு ஐந்நூறு கிலோ வரும். ஆகவே மண்ணை மாடியில் நேரடியாகக் கொட்டிப் பாத்தி கட்டாதீர்கள். கனமான தொட்டிகளைச் சுவருக்கும் உத்தரத்துக்கும் மேலாக ஓரமாக, செங்கல் மேல் தூக்கி வையுங்கள். நடுவில் கீரைத் தட்டுகள் போதும். பழைய வீடு என்றால் பொறியாளரைக் கேட்காமல் ஒன்றும் ஏற்ற வேண்டாம். வளர்ப்புப் பைகள் வெயிலில் இரண்டு மூன்று ஆண்டில் நூல் நூலாக உதிர்ந்து மண்ணிலேயே கலக்கும். பெயிண்ட் வாளி, உடைந்த சிமெண்டுத் தொட்டி, பழைய குளியல் தொட்டி, எது வீட்டில் இருக்கிறதோ அதை வையுங்கள்.

பேரேட்டில் இதுவரை நான் எழுதாத ஒன்று இருக்கிறது. உழைப்பு. தண்ணீரை மாடிக்குத் தூக்குவது யார்? கழிவைப் பிரித்து வைப்பது, டிரம்மைக் கிளறுவது, காலையில் புழு பொறுக்குவது, கீரையை ஆய்ந்து சமைப்பது யார்? பெரும்பாலான வீடுகளில் ஒருவரேதான். அவர் சம்பளத்துக்கும் போய் வந்து, சமையலையும் பார்த்து, இதையும் பார்க்கிறார். தோட்டம் நின்றுபோன வீடுகளில் காரணம் கேட்டால் பூச்சி, வெயில், குரங்கு என்று சொல்வார்கள். விசாரித்துப் பார்த்தால் அந்த ஒருவர் களைத்துப்போயிருப்பார், அல்லது முட்டி வலி வந்திருக்கும். அவர் உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் செலவில்லாத தோட்டம் என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.

ஆடி பிறக்கப்போகிறது. கத்தரிக்கும் மிளகாய்க்கும் நாற்று விட, அவரையும் சுரையும் புடலையும் ஊன்ற இதுவே நேரம். ஆகவே வந்திருக்கும் ஆண்களிடமும் இளைஞர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். இந்த வாரத்தில் மாடிக்கு ஒரு குழாய் இழுத்து, திறப்பான் ஒன்று வைத்துக் கொடுங்கள். இடுப்பளவு உயரத்தில் இரண்டு மேடை கட்டிக் கொடுங்கள், குனியாமல் கீரை கிள்ளலாம். மக்கு டிரம்மை நீங்கள் பொறுப்பெடுத்து, ஞாயிறுதோறும் கிளறுங்கள். பிள்ளைகளிடம் விதைக் குப்பிகளையும் சீட்டு எழுதும் வேலையையும் கொடுங்கள். அதன் பிறகு என்ன விதைக்கலாம் என்பதை வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.